ஆர்மோனியப் பெட்டி 1

போன ஞாயித்துக்கிழமை ஒரு கல்யாணம். பந்தியில பக்கத்து இலைக்காரர் எனக்குப் பெரியப்பா முறை. பாயசம் ஊத்துற நேரம் பார்த்துக் கேட்டார்.

"நீ எச்.எம்.மாமே? அப்ப க்ளாஸ் எடுக்குற தொல்லை இல்ல. கையெழுத்து போட்டா போதும். நல்ல உத்தியோகம்மா."

நான் அப்பளத்தைப் பாயசத்துல நொறுக்கிப் போட்டுட்டு பேசாம இருந்துட்டேன். (கல்யாண வீட்டுல சண்டை போடக்கூடாதுன்னு அம்மா வளர்த்த வளர்ப்பு.) ஆனா அந்த "கையெழுத்து போட்டா போதும்" மட்டும் ரெண்டு நாளா காதுக்குள்ள வண்டு மாதிரி சுத்துது.

க்ளாஸ் இல்லைங்கிறது பொய். கணக்கு டீச்சர் இடம் காலி, பத்தாவதுக்கு இன்னும் நான்தான் கணக்கு. கையெழுத்துங்கிறது உண்மை. வம்பே அதுலதான்.

இதுக்கு நடுவுல நேத்து ராத்திரி பழைய பள்ளிக்கூடத்துத் தோழி போன் பண்ணினா. அவங்க எச்.எம். இந்த மாசம் ரிட்டயர் ஆகிறார். ஸ்டாஃப்ல இவதான் சீனியர், அதனால பொறுப்பு எச்.எம். (தெரியாதவங்களுக்கு: பொறுப்பு எச்.எம்.னா எச்.எம். வேலை மொத்தமும் உண்டு, எச்.எம். சம்பளம் கிடையாது, பழைய பீரியடும் குறையாது.) "அக்கா, ஏதாச்சும் சொல்லுங்கக்கா"ன்னா. ஒரு மணி நேரம் பேசினேன். போனை வச்சப்புறம்தான் சொல்ல வேண்டியது எல்லாம் ஞாபகம் வருது. அதான் இங்க கொட்டுறேன்.

நான் 2004-ல கணக்கு பி.டி.யா, அதாவது பட்டதாரி ஆசிரியரா, சேர்ந்தவ. எச்.எம். ஆனது 2022-ல. நடுவுல 2020-ல ஓய்வு வயசு 58-லருந்து 59 ஆச்சு, அடுத்த வருஷமே 60 ஆச்சு. மேல இருக்கிறவங்க நகரல, அதனால கீழயும் யாரும் நகரல. கடைசியா கலந்தாய்வுல என் முறை வந்து, வீட்டுலருந்து 42 கிலோமீட்டர்ல ஒரு ஊரை எடுத்தேன். ஆறாவதுலருந்து பத்தாவது வரைக்கும் உயர்நிலைப் பள்ளி. ஊர் பேர் வேண்டாம். இருநூத்திச் சொச்சம் பிள்ளைங்க, பெரிய வேப்பமரம், நாளைக்கு நாலு தடவை வர்ற ஒரே டவுன் பஸ்.

முதல் நாள் மாலை, பொன்னாடை, லட்டு, மிக்சர். பொன்னாடை ஜரிகை கழுத்தை அறுக்குது. கையில ஒரு சாவிக்கொத்து குடுத்தாங்க. மொத்தம் 37 சாவி, அதுல எந்தப் பூட்டுக்கும் சேராதது 14. (பீரோ ஒண்ணுக்கு சாவியே இல்ல. ஸ்க்ரூடிரைவர்தான் சாவி.) அப்புறம் பொறுப்பு ஒப்படைக்கிற பட்டியலை நீட்டினாங்க. பெஞ்ச் இத்தனை, மேஜை இத்தனை, உலக உருண்டை 2, தராசு 1. பழைய எச்.எம். சார் தங்கமான மனுஷர். "எல்லாம் சரியா இருக்கும்மா, போடுங்க"ன்னார். சுத்தி ஸ்டாஃப் நிக்கிறாங்க, கையில லட்டு இருக்கு. அந்த நேரத்துல எழுந்து போய் உலக உருண்டையை எண்ணிக்கிட்டா இருப்பேன்?

போட்டேன் கையெழுத்து. வரிசை எண் 63: ஆர்மோனியப் பெட்டி 1.

அந்தப் பெட்டி இன்னைக்கு வரைக்கும் கிடைக்கல.

சாருக்கு போன் போட்டேன். "அது நான் வந்தப்பவே இல்லியேம்மா"ன்னார். அவருக்கு முன்னாடி இருந்தவரைத் தேடிப் பிடிச்சேன். "நானும் கண்ணால பார்த்தது இல்ல." அதுக்கும் முன்னாடி இருந்தவர் தவறிட்டார். ஆக, யாருமே பார்க்காத பெட்டிக்கு வரிசையா எல்லாரும் கையெழுத்து போட்டிருக்கோம். (எப்பவோ ஒரு பாட்டு வாத்தியார் இருந்தாராம். அவரோட பெட்டியும் போச்சு, பாட்டும் போச்சு.)

அதனால தோழிக்கு முதல்ல சொல்லியிருக்க வேண்டியது: லட்டை அப்புறம் சாப்பிடு, முதல்ல எண்ணு.

சரி, பொருளை எண்ணிடலாம். ஆளுங்க கதைதான் பெருசு.

எச்.எம். ஆனதும் எல்லாரும் நம்மள முதலாளின்னு நினைக்கிறாங்க. பெத்தவங்க அப்படித்தான் நினைக்கிறாங்க, ஊர்த் தலைவர் நினைக்கிறார், முதல் ஒரு வாரம் நாமளே நினைக்கிறோம். ஆனா பாருங்க, ஒருத்தரை வேலைக்கு எடுக்க என்னால முடியாது. அனுப்ப முடியாது. சம்பளம் ஏத்தவோ குறைக்கவோ முடியாது. இடம் மாத்த முடியாது. "செவன்டீன் பி"ன்னு ஸ்டாஃப் ரூம்ல பேயைச் சொல்ற மாதிரி சொல்வாங்களே, ஒழுங்கு நடவடிக்கை விதி 17 பி, பெரிய தண்டனைக்கானது, அதுவும் மேல இருக்கிறவங்க கையில. சின்னத் தண்டனைக்கான 17 ஏ-வும் மேலதான். என் கையில இருக்கிறது தற்செயல் விடுப்பு, ஒரு மெமோ புக், ஒரு பெல்.

ஆனா யார் என்ன பண்ணினாலும் விளக்கம் கேக்குறது என்கிட்ட.

எங்க காம்பவுண்டுக்குள்ள எத்தனை முதலாளிங்கன்னு ஒரு நாள் உக்காந்து எண்ணினேன். நிரந்தர ஆசிரியர்களுக்குப் பள்ளிக் கல்வித் துறை. ஓவியம், உடற்கல்வி ரெண்டு பேரும் பகுதிநேரம். 2012-ல 5,000 ரூபாய்க்கு எடுத்தவங்க, வாரத்துக்கு மூணு அரை நாள், சம்பளம் திட்ட நிதியிலருந்து. நான் போய்ச் சேர்ந்தப்ப 10,000 ஆகியிருந்துச்சு, ஆனா அப்ப மே மாசத்துக்கு ஒண்ணும் கிடையாது. அறிவியல் டீச்சர் தற்காலிகம், பள்ளி மேலாண்மைக் குழு மூலமா போட்டது. 2022-ல அரசு அனுமதிச்சப்ப பட்டதாரி ஆசிரியருக்கு அதே 10,000-ன்னுதான் நிர்ணயம் பண்ணினாங்க. சத்துணவு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் மூணு பேரும் வேற துறை, அவங்க ஃபைல் ஒன்றிய அலுவலகத்துல. கழிவறை சுத்தம் பண்ற அம்மாவுக்கு ஊராட்சி வழியா காசு வரணும். (வரணும். அவ்வளவுதான் சொல்வேன்.) ஹைடெக் லேப்ல இருக்கிற பொண்ணு அவுட்சோர்சிங் கம்பெனி ஆள்.

ஒரே பெல்லுக்கு உள்ள வர்ற இவங்கள்ல பாதிப் பேருக்கு மேல எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. ஆனா குழம்புல உப்பு இல்லன்னா கேள்வி எனக்கு. கழிவறை நாறினா கேள்வி எனக்கு.

ஒரு தீபாவளி சமயம். நிரந்தர ஸ்டாஃப் பண்டிகை முன்பணத்துக்கு ஃபார்ம் குடுத்தாங்க. நான் கையெழுத்து போட்டுக்கிட்டு இருக்கேன். அதே ரூம்ல நின்னுக்கிட்டு தற்காலிக அறிவியல் டீச்சர், "மேடம், ரெண்டு மாச சம்பளம் இன்னும் ஏறல, ஏதாவது கேட்டீங்களா?"ன்னாங்க. சத்தமா கூட இல்ல. கேட்டேன்தான். "நிதி வந்ததும் வரும்"னு பதில் வந்துச்சு. அதை அவங்ககிட்ட திருப்பிச் சொன்னப்ப என் குரல் எனக்கே பிடிக்கல.

இதுல நான் பண்ணின ஒரு அநியாயத்தையும் சொல்லிடுறேன். யாராவது லீவு போட்டா அந்த பீரியடுக்கு வேற ஆளை அனுப்ப ஒரு நோட்டு வச்சிருப்போம், சப்ஸ்டிட்யூஷன் நோட்டு. காலையில அவசர அவசரமா நான்தான் எழுதுவேன். மாசக் கடைசியில ஒரு நாள் சும்மா புரட்டினேன். இருபது மாத்து பீரியட்ல பதினொண்ணுல அறிவியல் டீச்சர் பேரு. என் கையெழுத்துல. நான் வேணும்னு பண்ணல, சத்தியமா. அவங்க மட்டும்தான் முகம் சுளிக்க மாட்டாங்க, அதனால பேனா தானா அங்க போயிருக்கு. வேலை நிரந்தரம் இல்லாதவங்க முகம் சுளிக்க முடியாதுங்கிறது எனக்கு உறைக்க ஒரு மாசம் ஆச்சு.

அடுத்த நாள்லருந்து அந்த நோட்டை ஸ்டாஃப் ரூம் ஆணியில மாட்டிட்டேன். யார் பேரு எத்தனை தடவைன்னு எல்லாரும் பார்க்கலாம். ரெண்டு நாள் முணுமுணுப்பு. அப்புறம் சமூக அறிவியல் சார் அவராவே, "இன்னைக்கு என் பேரைப் போடுங்க மேடம், நான் பின்தங்கியிருக்கேன்"ன்னார். சிரிச்சுட்டோம்.

இப்ப லேட் சமாச்சாரம். புது எச்.எம். எல்லாரும் முதல்ல விழுற குழி இதுதான்னு நினைக்கிறேன்.

ஒரு சார். என்னை விட மூணு வயசு பெரியவர். பாடம் நடத்துறதுல கெட்டிக்காரர், அவர் க்ளாஸ்ல பசங்க மூச்சு விடுற சத்தம் கேக்கும். ஆனா பிரேயருக்கு மட்டும் வரமாட்டார். ஒன்பதே கால், ஒன்பதரை. பைக்கை வேப்பமரத்தடியில நிறுத்திட்டு நேரா க்ளாஸுக்குப் போயிடுவார்.

முதல் முயற்சி, சிவப்பு மை. நான் சேர்ந்த அஞ்சாவது நாள், வருகைப் பதிவேட்டை என் ரூமுக்கு எடுத்துட்டு வந்து அவர் கட்டத்துல சிவப்புல "தாமதம்"னு எழுதினேன். அவர் வந்தார், பார்த்தார், ஒண்ணும் சொல்லல. மத்தியானத்துக்குள்ள ஸ்டாஃப் ரூம் மொத்தமும் என்கிட்ட பேசுறதை நிறுத்திடுச்சு. பதினோரு மணி டீ என் மேஜைக்கு வரல. டீ வரலன்னா பள்ளிக்கூடத்துல என்ன அர்த்தம்னு டீச்சர்களுக்குத் தெரியும்.

ரெண்டாவது முயற்சி, வாட்சப். அதுதான் உச்சம். பள்ளி குரூப்ல ராத்திரி பத்து மணிக்கு, "சில ஆசிரியர்கள் காலதாமதமாக வருவது கவனத்திற்கு வந்துள்ளது. அனைவரும் உரிய நேரத்தில் வருமாறு கேட்டுக்கொள்கிறேன்"னு செந்தமிழ்ல ஒரு செய்தி. விளைவு: எட்டரைக்கே வந்து கேட்டைத் தொறக்கிற தமிழம்மா ராத்திரியே போன் பண்ணி அழுதாங்க, "என்னையா மேடம் சொன்னீங்க?"ன்னு. லேட்டா வர்ற சார் மட்டும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுற படம் போட்டிருந்தார். முதல் ஆளா.

அன்னைக்கு முடிவு பண்ணினேன். ஒருத்தருக்குச் சொல்ல வேண்டியதை ஒன்பது பேருக்குச் சொல்லக்கூடாது.

மூணாவது, ஒரு சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் அவர் பைக்கை எடுக்குற நேரத்துல நானே போய் நின்னேன். "சார், ஒன்பதுக்கு வர முடியாம என்ன தடுக்குது, சொல்லுங்க"ன்னு கேட்டேன். ஆஸ்பத்திரி, நோய்ன்னு ஏதாவது சொல்வார், நான் உருகணும்னு தயாரா இருந்தேன். அதெல்லாம் ஒண்ணுமில்ல.

"நாலு மாடு இருக்கு மேடம்."

மாடு கறந்து, பால் சொசைட்டியில ஊத்திட்டு, குளிச்சிட்டு வரணும். சொசைட்டியில அன்னைக்கு வரிசை நீளமா இருந்தா நம்ம பிரேயர் காலி. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவருக்கும். முன்னாடி இருந்த எச்.எம்.மெல்லாம் என்ன சொன்னாங்கன்னு கேட்டேன். "யாரும் கேக்கல மேடம். நோட்டுல எழுதுவாங்க, இல்லன்னா விட்டுடுவாங்க."

அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கிட்டு மாட்டுக்காக லேட்டா வர்றதை நான் ஏத்துக்கல. அதையும் சொன்னேன். ஒன்பது மணி ஒன்பது மணிதான், ஒரு மாசம் அவகாசம், பால் ஊத்த வேற ஆள் பாருங்க, அதுக்கப்புறம் சிவப்பு மை இல்ல, நேரா மெமோன்னு. அவர் மச்சினனை ஏற்பாடு பண்ணினார். இப்பவும் மாசத்துல ஒண்ணு ரெண்டு நாள் சறுக்கும், ஆனா வர்றதுக்கு முன்னாடி போன் வந்துடும். தற்செயல் விடுப்பு வருஷத்துக்கு 12 நாள், ரொம்ப லேட்டானா அதுல அரை நாள் எழுதிக் குடுத்துடுவார். டீயும் திரும்பி வந்துடுச்சு. (அவர் வீட்டுப் பால்தான்.)

இப்படி எல்லாத்தையும் வேப்பமரத்தடியில பேசித் தீர்த்துடலாம்னு நினைச்சேன் பாருங்க, அடுத்த வருஷம் அதுக்கும் அடி விழுந்துச்சு.

இன்னொருத்தர் காலாண்டுத் தேர்வு விடைத்தாளைத் திருத்தவே இல்ல. கட்டு அப்படியே சணல் கயிறோட பீரோ மேல கிடக்கு. மூணு தடவை அன்பாச் சொன்னேன். நாலாவது தடவை அன்பு இல்லாமச் சொன்னேன். அரையாண்டு வந்துடுச்சு. ஒரு அப்பா புகார் எழுதி மேல போட்டுட்டார். அங்கருந்து என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி. "நீங்க சொன்னதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா?"

இல்ல.

"அப்ப நீங்க சொல்லல."

முதல் தடவை கேக்குறப்ப வயிறு எரிஞ்சுச்சு. யோசிச்சுப் பார்த்தா அவங்க சொன்னது சரி. நாளைக்கு அந்த ஆசிரியரே, "என்கிட்ட யாரும் எதுவும் கேக்கல, திடீர்னு நடவடிக்கை எடுக்குறாங்க"ன்னு சொன்னா என்ன பதில்? அவர் பக்கத்தைச் சொல்றதுக்கும் அவருக்கு ஒரு காகிதம் வேணும்ல.

மெமோ எழுதினேன். பயிற்சியில தலைமைப் பண்பு பத்தி நாள் கணக்கா பேசினாங்க, ஆனா மெமோவை யார் கையில குடுத்து அனுப்புறதுன்னு யாரும் சொல்லல. அலுவலக உதவியாளர் இடம் காலி. நானே கொண்டுபோய் நீட்டினேன். "வாங்க மாட்டேன்"ன்னுட்டார். கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறார். பின்னாடி எட்டாங்கிளாஸ் வேடிக்கை பார்க்குது. (க்ளாஸ் வாசல்ல வச்சுக் குடுத்தது என் தப்பு. அதுக்காக இன்னைக்கும் வெக்கப்படுறேன்.)

வேற வழியில்லாம பதிவுத் தபால்ல அனுப்பினேன், ஒப்புகை அட்டையோட. என் மேஜைக்கும் அவர் மேஜைக்கும் இருபது அடி. அந்த மெமோ போஸ்ட் ஆபீஸ் போய், டவுனுக்குப் போய், நாலு நாள் கழிச்சு திரும்ப எங்க கேட்டுக்கே வந்துச்சு. போஸ்ட்மேன் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன்.

ரெண்டே நாள்ல விடைத்தாள் மொத்தமும் திருத்தி வந்துச்சு. கூடவே நாலு பக்க விளக்கம், முத்து முத்தான கையெழுத்துல. அதுல மூணரைப் பக்கம் என்னைப் பத்தி. ஃபைல்ல வச்சிருக்கேன். படிக்கப் படிக்க நல்லாதான் எழுதியிருக்கார்.

சம்பள விஷயத்துக்கு வரேன், சுருக்கமா. உயர்நிலைப் பள்ளி எச்.எம்.தான் ஸ்டாஃபுக்குச் சம்பளம் பெற்று வழங்குற அலுவலர். மாசா மாசம் பில் களஞ்சியம் மென்பொருள்ல ஏறணும், கருவூலம் ஏதாவது ஆட்சேபணை போட்டா நிவர்த்தி பண்ணணும். எங்க பள்ளிக்கு இளநிலை உதவியாளர் ஒருத்தர் உண்டு, ஆனா வாரத்துல ரெண்டு நாள் இன்னொரு பள்ளிக்கு மாற்றுப்பணி. அந்தத் தம்பி லீவுன்னா எனக்குக் கை கால் ஓடாது. வருமான வரிப் பிடித்தம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை தாக்கல் பண்ணணும். அப்ப அந்தப் படிவத்துக்கு 24 கியூன்னு பேர். தாமதம் ஆனா நாளுக்கு 200 ரூபாய். அந்த 200 சம்பளம் வாங்குறவங்க தலையில இல்ல, வழங்குறவர் தலையில. எனக்கு முதல் வருஷம் 23 நாள் தப்பிடுச்சு. 4,600 ரூபாய். அந்த மாசம் வீட்டுல, "எச்.எம். ஆனதுக்கு நம்ம கைக்காசு போடணுமா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னேன்.

பணிப்பதிவேட்டைப் பத்தி ஒரு வார்த்தை. எஸ்.ஆர். ஒரு ஆளோட முழு உத்தியோக ஆயுசும் அந்த நோட்டுக்குள்ள இருக்கு. ஊதிய உயர்வு, விடுப்பு, பென்ஷன், எல்லாம். சேர்ந்த முதல் மாசமே எல்லார் எஸ்.ஆரையும் எடுத்து அவங்கவங்களைக் கூப்பிட்டு முன்னாடி வச்சுப் பார்த்தேன். ஒருத்தருக்கு ஆறு வருஷத்துக்கு முன்னாடி எடுத்த மருத்துவ விடுப்பு பதிவே ஆகல. அப்படியே விட்டிருந்தா ரிட்டயர் ஆகுறப்ப அலைஞ்சிருப்பார். சத்தியமா சொல்றேன், நான் பேசின எந்தப் பேச்சையும் விட அந்த ஒரு மாச எஸ்.ஆர். வேலைதான் எனக்கு ஸ்டாஃப்கிட்ட பேர் வாங்கித் தந்துச்சு.

மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி உறுப்பினர்கள்ல முக்கால்வாசி பெற்றோரா இருக்கணும், பாதிப் பேர் பெண்களா இருக்கணும். எங்க தலைவி நூறு நாள் வேலைக்குப் போறவங்க. பேச்சு வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு. ஒரு கூட்டத்துல, ஆசிரியர் எல்லாரும் உக்காந்திருக்கிறப்ப, "டீச்சர், மூணாவது பீரியடு வெளிய நின்னு போன் பேசுற சாரு யாரு?"ன்னு கேட்டாங்க.

எல்லாருக்கும் யாருன்னு தெரியும். அந்த சாருக்கும் தெரியும். காதெல்லாம் செவந்துடுச்சு.

நான் சொதப்பினேன். "அப்படியெல்லாம் யாரும் இல்லீங்கம்மா"ன்னுட்டேன். கண் முன்னாடி பார்த்ததை இல்லைன்னா அவங்க நம்மள என்ன நினைப்பாங்க? அடுத்த தடவை அப்படி ஒரு கேள்வி வந்தப்ப, "கவனிக்கிறேம்மா, அடுத்த கூட்டத்துல சொல்றேன்"னு சொன்னேன். சபையில ஆளைக் காட்டிக் குடுக்கல, பொய்யும் சொல்லல. ரூமுக்குள்ள கூப்பிட்டு வச்சுப் பேசினது தனிக் கதை. அது ரூமுக்குள்ளயே இருக்கட்டும்.

ஒரு இடத்துல மட்டும் இந்த ரூமுக்குள்ள வேலை ஆகாது. பிள்ளைங்க மேல யாராவது கை வச்சதா தகவல் வந்தா, பேசிப் பார்க்குறது, ஊர்ப் பெரியவங்களைக் கூப்பிடுறது, "பள்ளிக்கூடத்துப் பேரு கெட்டுடும்"ங்கிறது, ஒண்ணுமே கூடாது. 2012 போக்சோ சட்டத்துல தகவல் குடுக்கிறது கட்டாயம். நம்ம கீழ வேலை பார்க்குற ஆள் பண்ணினதை நிறுவனப் பொறுப்புல இருக்கிறவர் சொல்லாம விட்டா, ஒரு வருஷம் வரைக்கும் சிறை, அபராதமும் உண்டு. சட்டத்தை விடுங்க, அந்தப் பிள்ளை நம்ம கேட்டுக்குள்ள நம்மள நம்பி வந்தது. தோழிகிட்ட இதைச் சொல்றப்ப என் குரலே மாறிடுச்சாம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ எல்லா க்ளாஸ் சுவத்துலயும் எழுதிடு, பிள்ளைங்க கண்ணுல படுற உயரத்துலன்னேன்.

சரி, வேலைநிறுத்தம். இதை எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன்.

2019 ஜனவரியில ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களோட ஜாக்டோ ஜியோ போராட்டம் நடந்துச்சே, 22-ஆம் தேதி ஆரம்பிச்சு ஒன்பது நாள், அப்ப நான் சாதாரண பி.டி. பழைய ஓய்வூதியம் கேட்டு ரோட்டுல உக்காந்தேன். (2003-ல லட்சத்துக்கும் மேல ஊழியர்களை ஒரேயடியா வீட்டுக்கு அனுப்பின கதையைச் சீனியருங்க சொல்லிச் சொல்லியே பயமுறுத்துவாங்க. நான் அதுக்கு அடுத்த வருஷம்தான் சேர்ந்தேன்.) தினம் காலையில யார் யார் வரலன்னு எச்.எம். பட்டியல் அனுப்பணும். எங்க எச்.எம். அம்மா முதல் நாள் ராத்திரி எனக்கு போன் பண்ணினாங்க. "நாளைக்கு உன் பேரை எழுதுவேன்மா. எழுதாம இருக்க முடியாது. கோவிச்சுக்காத." அப்ப எனக்கு ஆத்திரம். கூட இருந்தவங்ககிட்ட, "பாருங்க, காட்டிக் குடுக்குறாங்க"ன்னு சொன்னேன்.

நான் எச்.எம். ஆனப்புறம் ஒரு நாள் அடையாள வேலைநிறுத்தம் வந்துச்சு. கோரிக்கை அதேதான். என் மனசும் அதேதான். காலையில பள்ளிக்கூடம் போய், வருகைப் பதிவேட்டைத் தொறந்து, வராத ஆறு பேரோட பேரை நானே வரிசையா எழுதினேன். அன்னைய சம்பளம் அவங்களுக்குக் கிடையாது. அதுக்கான பில்லையும் நான்தான் போடணும். முதல் நாள் ராத்திரி ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணினேன், "எழுதுவேன், கோவிச்சுக்காதீங்க"ன்னு. என் வாயிலருந்து அந்த அம்மா குரல் வர்றது எனக்கே கேட்டுச்சு.

மாட்டுக்கார சார்தான் சொன்னார். "எழுதுங்க மேடம். எழுதாம விட்டா நாங்க போராடினதுக்குக் கணக்கே இருக்காது."

இப்போதைக்கு ஸ்டாஃப் ரூம்ல ஓடுற விஷயம் டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு. 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஓய்வுக்கு அஞ்சு வருஷத்துக்கு மேல இருக்கிறவங்க ரெண்டு வருஷத்துக்குள்ள தகுதித் தேர்வு பாஸ் பண்ணணும். அஞ்சுக்குக் கீழன்னா வேலையில தொடரலாம், ஆனா பாஸ் பண்ணாம பதவி உயர்வு கிடையாது. இருபது வருஷம் பாடம் நடத்தின தமிழம்மா இப்ப ஃப்ரீ பீரியட்ல உளவியல் கைடை மடியில வச்சுக்கிட்டுப் படிக்கிறாங்க, பரீட்சைக்கு முதல் நாள் பிள்ளைங்க படிக்கிற மாதிரியே உதடு அசையுது. நோட்டுத் திருத்தம் ஒரு வாரம் பின்தங்கியிருக்கு. எனக்குத் தெரியும். நான் தெரியாத மாதிரி அந்தப் பக்கமா நடந்து போயிடுறேன். இது நிர்வாகத் தவறுன்னு யாராவது சொன்னா, ஆமாங்க, தவறுதான்.

அப்புறம் சாப்பாடு. இதை யாருமே சொல்லித் தர மாட்டாங்க. பதினெட்டு வருஷம் ஸ்டாஃப் ரூம்ல டப்பாவைப் பகிர்ந்து சாப்பிட்டவ நான். எச்.எம். ஆன முதல் நாள் டப்பாவோட உள்ள நுழைஞ்சேன், பேச்சு டக்குனு நின்னுடுச்சு. யாரைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தாங்கன்னு சொல்ல வேண்டியதில்ல. நாங்களும் அந்தக் காலத்துல எங்க எச்.எம்.மைப் பத்திப் பேசாமலா சாப்பிட்டோம்? அந்த உரிமையை அவங்ககிட்டருந்து புடுங்கக்கூடாது. ஒரு மாசம் ரூம்ல தனியா சாப்பிட்டேன், தயிர் சாதம் கூட இறங்கல. இப்ப சத்துணவை ருசி பார்க்குற சாக்குல பிள்ளைங்களோட வரிசையில உக்காந்துடுறேன். அவங்களும் என்னைப் பத்திப் பேசுறாங்க, ஆனா முகத்துக்கு நேரா. "டீச்சர், உங்களுக்கு ஏன் கணக்குல மட்டும் கோவம் வருது?"

இவ்வளவும் எழுதி முடிச்சுட்டு, எதுக்கும் இருக்கட்டும்னு இப்பதான் தோழிக்கு ஒரு மெசேஜ் போட்டேன். "பட்டியல்ல இருக்கிற ஒவ்வொரு பொருளையும் தொட்டுப் பார்க்காம கையெழுத்து போடாதே. லட்டு குடுத்தாலும் சரி."

உடனே பதில் வந்துச்சு.

"அக்கா, சார் நேத்து சாயங்காலமே வாங்கிட்டார். லட்டு இல்லக்கா, அல்வா."

கீழ இன்னொரு வரி.

"தையல் மிஷின் 4-ன்னு போட்டிருக்கு. எங்க பள்ளியில தையல் டீச்சரே இருந்தது இல்லியேக்கா?"